சேர்க்கையில் ஆணும் பெண்ணும் சமம், சரி. அதோடு சமத்துவம் வந்துவிட்டதா?

#1 இளவேனில்

ஐ.நா. குழுக்களுக்கு அரசுகள் அனுப்பும் அறிக்கைகளில் அடிக்கடி தட்டுப்படும் ஒரு வாதம்: "தொடக்கக் கல்வியில் பாலின சமநிலைக் குறியீடு 1.00. ஆகவே கல்வியில் சமத்துவக் கடமை நிறைவேறிவிட்டது." இதைச் சோதிப்பது எப்படி? எந்தப் புள்ளிவிவரத்தைக் கேட்கணும், எந்தச் சட்டப்பிரிவைக் காட்டணும், எழுதினதை எங்கே அனுப்பணும்? "கல்வியே முன்னேற்றத்தின் அடித்தளம்" வகைப் பொன்மொழிகள் வேண்டாம். உட்கார்ந்து செய்யக்கூடிய வேலையாகச் சொல்லுங்கள்.

#2 கணக்குப்பிள்ளை

அந்த 1.00 எங்கிருந்து வருகிறது என்று முதலில் பிரித்துப் பார்த்துவிடலாம். சிறுமியரின் சேர்க்கை விகிதத்தைச் சிறுவரின் சேர்க்கை விகிதத்தால் வகுத்தால் கிடைப்பது, அவ்வளவுதான். 0.97 முதல் 1.03 வரை இருந்தால் சமநிலை என்று யுனெஸ்கோ கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். நூறு சிறுமியரில் 60 பேரும் நூறு சிறுவரில் 60 பேரும் பள்ளியில் இருந்தாலும் விடை 1.00 தான். வெளியே நிற்கும் 80 பேர் அந்த எண்ணுக்குள் வரவே மாட்டார்கள். இன்னொரு கூத்து: பையன்களை வேலைக்கு அனுப்பி அவர்கள் சேர்க்கை சரிந்தாலும் குறியீடு 'முன்னேறும்'.

அடுத்தது, எந்தச் சேர்க்கை விகிதம்? பெரும்பாலும் மொத்தச் சேர்க்கை விகிதத்தைத்தான் போட்டிருப்பார்கள். அதில் தொகுதியில் வயது தாண்டியவர்கள், அதே வகுப்பில் மறுபடி உட்கார்ந்தவர்கள் எல்லாரும் சேருவார்கள்; பகுதியில் அந்த வயதுக்குரிய பிள்ளைகள் மட்டும். அதனால்தான் 110, 120 விழுக்காடு என்றெல்லாம் வருகிறது. நூறைத் தாண்டிவிட்டதே என்று கைதட்ட வேண்டாம். பல இடங்களில் முதல் வகுப்பில் பிள்ளைகள் தேங்கிக் கிடக்கிறார்கள் என்பதுதான் அதற்கு அர்த்தம். நீங்கள் கேட்க வேண்டியது வயதுவாரியாகப் பள்ளிக்கு வெளியே இருப்போர் விகிதமும், தொடக்கக் கல்வியை முடித்தோர் விகிதமும்.

குறியீட்டிலேயே ஒரு கோணல் உண்டு. சிறுமியர் 40, சிறுவர் 80 என்றால் 0.5. அப்படியே திருப்பிப் போட்டால் 2. ஒரே அளவு ஏற்றத்தாழ்வு, ஆனால் ஒன்று 1-க்கு அரை தள்ளி நிற்கிறது, மற்றது முழு ஒன்று தள்ளி. அதனால் 1-க்கு மேல் போனால், 2-இலிருந்து தலைகீழ் மதிப்பைக் கழித்துத் திருத்திய குறியீடு போடுவார்கள்: 2 − 1/2 = 1.5. வரைபடத்தில் எது இருக்கிறது என்று பார்க்காமல் இரண்டு நாடுகளை ஒப்பிட்டால் தவறாகிவிடும்.

உண்மையான சோதனை குறுக்கே வெட்டிப் பார்ப்பதுதான். பாலினம் இரண்டு, சொத்து ஐந்து அடுக்கு, நகரம் கிராமம் இரண்டு: மொத்தம் 20 கட்டம். ஏழ்மை அடுக்கு, கிராமம், சிறுமி என்ற கட்டத்தையும் பணக்கார அடுக்கு, நகரம், சிறுவன் என்ற கட்டத்தையும் பக்கத்தில் வையுங்கள். தேசிய சராசரியில் 1.00 காட்டும் நாட்டில்கூட இந்த இரண்டும் எட்டாத தூரத்தில் நிற்கும். இதற்கான தரவு யுனிசெஃப்பின் பல்குறியீட்டு வீட்டுக் கணக்கெடுப்பில் கிடைக்கும், பதிவு செய்தால் இலவசம்.

ஆனால் எச்சரிக்கை. 20 கட்டமாக வெட்டினால் ஒவ்வொன்றிலும் ஆள் குறையும். நிறையிடாத எண்ணிக்கை, அதாவது அந்தக் கட்டத்தில் உண்மையில் கணக்கெடுக்கப்பட்ட ஆட்கள், 25 முதல் 49 என்றால் அந்த எண்ணை அடைப்புக்குள் போட வேண்டும், 25-க்குக் கீழே என்றால் போடவே கூடாது. அந்தக் கணக்கெடுப்பு அறிக்கைகளே கடைப்பிடிக்கும் வழக்கம் இது. இதை மீறினால் அரசுத் தரப்பு உங்கள் முழு அட்டவணையையும் குப்பையில் போட்டுவிடும்.

#3 மறுப்பாளன்

கட்டம் போட்டுக் காட்டினீர்கள், சரி. அரசு என்ன சொல்லும்? "படிப்படியாகச் செய்கிறோம், வளம் போதவில்லை." பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகள் உடன்படிக்கையிலேயே அந்த ஓட்டை இருக்கிறதே. பிறகென்ன உரிமை?

#4 வழக்காடி

ஓட்டை நீங்கள் நினைக்கும் அளவுக்குப் பெரிதல்ல. 1966-இல் ஏற்கப்பட்டு 1976-இல் நடைமுறைக்கு வந்த அந்த உடன்படிக்கையின் 2(1) பிரிவு படிப்படியாக என்கிறது, உண்மைதான். ஆனால் பாகுபாடு காட்டாமை உடனடிக் கடமை. அதற்குப் 'படிப்படி' கிடையாது. உடன்படிக்கையைக் கண்காணிக்கும் ஐ.நா. குழு 1990-இல் வெளியிட்ட 3-ஆம் பொதுக் கருத்துரை (பிரிவுகளை எப்படிப் படிக்க வேண்டும் என்ற குழுவின் விளக்கம்) இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. 13(2)(அ) தொடக்கக் கல்வி கட்டாயம், எல்லாருக்கும் இலவசம் என்கிறது. உடன்படிக்கையில் சேரும்போது அந்த நிலையை எட்டாத நாடு இரண்டு ஆண்டுக்குள் விரிவான செயல்திட்டம் வகுக்க வேண்டும். எந்த ஆண்டுக்குள் முடிப்போம் என்று அந்தத் திட்டத்திலேயே எழுத வேண்டும் என்பது 14-ஆம் பிரிவு. "பாதை போட்டுக்கொண்டிருக்கிறோம்" என்று காலவரையின்றிச் சொல்ல இடமில்லை.

வளம் இல்லை என்ற வாதத்துக்கும் ஒரு சோதனை வைக்கலாம். பாகுபாட்டை நீக்கச் செலவே ஆகாத இடங்கள் உண்டு. கர்ப்பமான மாணவியை வெளியேற்றும் விதியை ரத்து செய்ய எத்தனை செலவாகும்? சியரா லியோன் 2015-இல் அப்படியொரு தடை போட்டது. மேற்கு ஆப்பிரிக்க நாடுகள் கூட்டமைப்பின் நீதிமன்றம் 2019 டிசம்பரில் அதைப் பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. 2020 மார்ச்சில் தடை நீங்கியது.

சட்ட வாசகத்தையும் உற்றுப் பாருங்கள். 1948 உலக மனித உரிமைப் பிரகடனத்தின் முதல் பிரிவு வரைவில் "எல்லா ஆண்களும்" என்று பொருள்படும் சொல்தான் இருந்தது. இந்தியாவின் ஹன்சா மேத்தா விடாப்பிடியாக நின்றுதான் அது "மனிதர் அனைவரும்" ஆனது. சில நாடுகள் அதை எழுத்துக்கு எழுத்து அப்படியே எடுத்துக்கொள்ளும் என்பது அவர் கவலை. அதே கண்ணோடு உங்கள் நாட்டுக் கல்விச் சட்டத்தைப் படியுங்கள். "ஒவ்வொரு குழந்தையும்" என்றிருக்கிறதா, "ஒவ்வொரு குடிமகனும்" என்றிருக்கிறதா? இரண்டாவது என்றால் அகதிப் பிள்ளைகளும் நாடற்ற பிள்ளைகளும் முதல் வரியிலேயே வெளியே. அகதிகளுக்கு 1951 உடன்படிக்கையின் 22-ஆம் பிரிவு இருக்கிறது: தொடக்கக் கல்வியில் சொந்தக் குடிமக்களுக்கு இணையாக நடத்த வேண்டும்.

#5 நிதிக்குறிப்பு

'இலவசம்' என்ற சொல்லை நானும் கொஞ்சம் உரசிப் பார்க்கிறேன். கல்விக் கட்டணம் இல்லை என்றால் இலவசம் ஆகிவிடாது. அதே குழுவின் 1999-ஆம் ஆண்டு 11-ஆம் பொதுக் கருத்துரை பெற்றோர் மேல் விழும் கட்டாய வசூல்களையும், விலை கூடிய சீருடையைக் கட்டாயமாக்குவதையும் மறைமுகச் செலவு என்றே பார்க்கிறது. ஆகவே வீட்டுச் செலவுக் கணக்கெடுப்பில் கல்வி என்ற ஒரே வரியை நம்பாதீர்கள். சீருடை, பயிற்சி நோட்டு, போக்குவரத்து, தேர்வுக் கட்டணம், பெற்றோர் சங்க 'நன்கொடை' என்று தனித்தனியாகக் கேட்டிருக்கிறார்களா பாருங்கள்.

கட்டணத்தை நீக்கினால் என்ன ஆகும் என்பதற்கு மலாவி 1994, உகாண்டா 1997, கென்யா 2003 மூன்றும் பாடம். மலாவியில் சுமார் 19 லட்சமாக இருந்த தொடக்கப் பள்ளிச் சேர்க்கை ஒரே ஆண்டில் 30 லட்சத்தை நெருங்கியது. கட்டணம்தான் கதவை அடைத்திருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: பத்து லட்சம் பேர் கூடுதலாக வந்தால், வகுப்புக்கு 40 பேர் என்றாலும் 25,000 ஆசிரியர் வேண்டும். ஆசிரியர் பயிற்சிக்கு இரண்டு ஆண்டு என்றால் அந்த 25,000 பேர் அறிவிப்பு வந்த அன்று எங்கே இருப்பார்கள்? முதல் வகுப்பில் நூறு பேரை நெருக்கி உட்காரவைக்க வேண்டியதுதான். கட்டணத்துக்கு ஈடாகப் பள்ளிக்குத் தரும் தலைக்கு இவ்வளவு என்ற மானியம் பருவம் தொடங்கிய பிறகு வந்தால், தலைமையாசிரியர் பழைய கட்டணத்தையே வேறு பெயரில் வாங்கத் தொடங்குவார்.

லெசோத்தோ 2000-இல் முதல் வகுப்பில் மட்டும் கட்டணத்தை நீக்கி, ஆண்டுக்கு ஒரு வகுப்பாக மேலே ஏற்றிக்கொண்டு போனது. நெரிசல் ஒரே நாளில் வராது. ஆனால் அப்போது மூன்றாம் வகுப்பில் இருந்த ஏழைப் பிள்ளைக்கு அந்தத் திட்டம் எட்டவே எட்டாது. எந்த வரிசையை எடுத்தாலும் யாரோ ஒருவர் காத்திருக்க வேண்டும். அது யார் என்று அறிக்கையில் வெளிப்படையாக எழுதச் சொல்லுங்கள்.

இன்னொன்று. உலகக் கல்வி மன்றத்தில் நாடுகள் ஏற்ற 2015-இன் இஞ்சியோன் பிரகடனம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 4 முதல் 6 விழுக்காடு, அரசின் மொத்தச் செலவில் 15 முதல் 20 விழுக்காடு கல்விக்கு என்கிறது. அரசுகள் இந்த எண்ணைத் தொட்டதும் மார்தட்டும். யாருக்குப் போகிறது என்பதுதான் கேள்வி. ஒரு மாணவருக்கான செலவைக் கல்வி நிலைவாரியாக எடுத்து, ஒவ்வொரு சொத்து அடுக்கிலிருந்தும் அந்த நிலையில் எத்தனை பேர் படிக்கிறார்கள் என்பதால் பெருக்குங்கள். பல்கலைக்கழகத்தில் ஏழ்மை அடுக்கு ஏறத்தாழ இல்லாத நாட்டில், அங்கே கொட்டும் பணம் முழுக்க மேல் அடுக்குக்குத்தான்.

#6 இளவேனில்

கணக்குப்பிள்ளை ஐயா, வீட்டுக் கணக்கெடுப்பு சொல்வதும் பள்ளிப் பதிவேடு சொல்வதும் ஒத்தே போவதில்லை. எதை எடுப்பது?

#7 கணக்குப்பிள்ளை

இரண்டையும். இரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியே ஒரு சான்று. தலைக்கு மானியம் இருந்தால் பள்ளிப் பதிவேட்டில் பெயர்கள் ஊதும். நின்றுபோன பிள்ளையின் பெயரை அடிக்க யாருக்கும் மனசு வராது. வீட்டுக் கணக்கெடுப்பில் அந்தச் சிக்கல் கிடையாது, ஆனால் வீடே இல்லாதவர்கள் அதில் வர மாட்டார்கள்: தெருவில் வாழும் பிள்ளைகள், விடுதிகளிலும் காப்பகங்களிலும் இருப்போர், நாடோடிக் குடும்பங்கள். பாகுபாட்டுக்கு அதிகம் ஆளாகும் பிள்ளைகளே கணக்கில் இல்லை என்று பொருள்.

வயதிலும் ஒரு பிழை நுழையும். கணக்கெடுப்பு பள்ளியாண்டின் நடுவில் நடந்தால், அன்று 6 வயது ஆன பிள்ளை ஆண்டு தொடங்கியபோது 5 வயதாக இருந்திருக்கக்கூடும். ஆண்டுத் தொடக்க வயதுக்குத் திருத்தாமல் போட்டால், சேர வேண்டிய வயதே வராத பிள்ளையைப் 'பள்ளிக்கு வெளியே' என்று எழுதிவிடுவோம். பிறந்த மாதம் பதிவாகியிருந்தால்தான் இதைத் திருத்த முடியும்.

பிறப்புப் பதிவே தனிச் சிக்கல். ஐந்து வயதுக்குட்பட்ட ஏறத்தாழ 15 கோடிக் குழந்தைகளுக்குப் பிறப்புப் பதிவு இல்லை என்று 2024-இல் யுனிசெஃப் சொன்னது. சேர்க்கைக்குச் சான்றிதழ் கட்டாயம் என்ற நாட்டில் அந்தக் காகிதமே பூட்டு. சில இடங்களில் சேர்த்துக்கொள்வார்கள், பொதுத்தேர்வு எழுதும்போது கேட்பார்கள். அப்படியானால் இடைநிற்றல் அட்டவணையில் தேர்வு வகுப்புக்கு முந்திய ஆண்டில் ஒரு திடீர் ஏற்றம் தெரியும். அங்கே விரலை வையுங்கள்.

#8 சாய்தளம்

மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளை யாரும் தொடவில்லையே. அவர்களின் கல்வி உரிமைக்கு மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை (2006), 24-ஆம் பிரிவு இருக்கிறது.

முதல் தவறு கேள்வியிலேயே. "வீட்டில் ஊனமுற்றவர் யாராவது உண்டா?" என்று கேட்டால் பெற்றோர் இல்லை என்பார்கள். ஊனம் பற்றிய புள்ளிவிவரத்துக்கென ஐ.நா. அமைத்த வாஷிங்டன் குழுவின் சுருக்கக் கேள்விகள் ஆறு: பார்ப்பது, கேட்பது, நடப்பது, நினைவு வைப்பது அல்லது கவனிப்பது, தன் வேலைகளைத் தானே செய்வது, பேசிப் புரியவைப்பது. ஒவ்வொன்றுக்கும் நான்கு விடை: சிரமமில்லை, கொஞ்சம் சிரமம், அதிகச் சிரமம், முடியவே முடியாது. ஒன்றிலாவது கடைசி இரண்டில் ஏதேனும் வந்தால் கணக்கில் சேரும். கேள்விகளில் ஊனம் என்ற சொல்லே வராது, அதுதான் சூட்சுமம். பிள்ளைகளுக்கு இந்த ஆறு போதாது. 2 முதல் 4 வயதுக்கும் 5 முதல் 17 வயதுக்கும் தனித்தனியாக யுனிசெஃப்போடு சேர்ந்து உருவாக்கிய வினாத்தொகுப்பு இருக்கிறது. கற்றல், பதற்றம், நட்புப் பழக்கம் எல்லாம் அதில் வரும்.

இரண்டாவது தவறு கட்டடத்தில். "அனைத்துப் பள்ளிகளிலும் சாய்தளம் உள்ளது" என்று அறிக்கை சொல்லும். சரிவு 1:12 இருக்க வேண்டும், அதாவது ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம். தரைமட்டத்திலிருந்து வகுப்பறைத் தளம் 45 செ.மீ. உயரம் என்றால் சாய்தளம் 5.4 மீட்டர் ஓட வேண்டும். மேலும் கீழும் சக்கர நாற்காலி நின்று திரும்ப ஒன்றரை மீட்டர் சமதளம், ஆக 8.4 மீட்டர். இடமில்லை என்று 2 மீட்டரில் முடித்தால் சரிவு நான்கில் ஒன்றுக்குப் பக்கம் வந்துவிடும். தானாகத் தள்ளி ஏற முயலும் பிள்ளை பின்பக்கமாகச் சாயும். பட்டியலில் 'உள்ளது' என்று குறி விழுந்திருக்கும், பயன்படுத்தத்தான் முடியாது. கதவு அகலத்தைக் கதவைத் திறந்து வைத்து அளக்க வேண்டும், சட்டத்தை அல்ல. குறைந்தது 80 செ.மீ. இடைவெளி கிடைக்கணும், கதவுப் பலகையின் தடிமனும் கீலும் சேர்ந்து சில சென்டிமீட்டரைத் தின்றுவிடும். கழிப்பறைக் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே திறந்தால், விழுந்த பிள்ளையின் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும்.

கழிப்பறை எண்ணிக்கைக்கு உலக சுகாதார நிறுவன வழிகாட்டி: 25 சிறுமியருக்கு ஒன்று, சிறுவரில் 50 பேருக்கு ஒரு கழிப்பறையும் ஒரு சிறுநீர் கழிப்பிடமும். எண்ணிக்கையோடு உள்தாழ்ப்பாள், உள்ளேயே தண்ணீர், மூடியுள்ள குப்பைத்தொட்டி மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள். சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும்.

#9 மறுப்பாளன்

எல்லாம் சேர்க்கை, கட்டடம். உள்ளே போனவர்கள் படிக்கிறார்களா?

#10 கணக்குப்பிள்ளை

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். 2019-இல் உலக வங்கி 'கற்றல் வறுமை' என்ற அளவை வெளியிட்டது. பத்து வயதில் ஓர் எளிய பத்தியைப் படித்துப் புரிந்துகொள்ள முடியாத பிள்ளைகளின் விழுக்காடு அது. குறை, நடுத்தர வருமான நாடுகளில் அப்போதைய மதிப்பீடு 53. பள்ளிக்கு வெளியே இருப்பவர்களையும் இது படிக்கத் தெரியாதவர்களாகவே சேர்த்துக்கொள்ளும். உதாரணமாக 20 விழுக்காடு வெளியே, உள்ளே இருப்பவர்களில் 40 விழுக்காடு தேறவில்லை என்றால்: 20 + (80 × 0.4) = 52. இந்த இரண்டு பகுதியையும் தனியே கேட்டு வாங்குங்கள். 52-இல் பெரும்பங்கு வெளியிலிருந்து வந்தால் மருந்து வேறு, உள்ளிருந்து வந்தால் வேறு. பின்னதில் முதலில் பார்க்க வேண்டியது, வீட்டில் பேசும் மொழியும் பாடமொழியும் ஒன்றா என்பது. புரியாத மொழியில் எழுத்துக் கூட்டச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளை சத்தமாக வாசிக்கும், என்ன வாசித்தது என்று கேட்டால் விழிக்கும்.

#11 மட்டுறுத்துநர்

எந்த நாடு உசத்தி என்று போன மூன்று பின்னூட்டங்கள் நீக்கப்பட்டன. தலைப்புக்குள் நில்லுங்கள்.

#12 மறுப்பாளன்

புள்ளிவிவரத்தை நீதிமன்றம் எங்கே ஏற்கிறது? "அந்தக் குழந்தையை வேண்டுமென்றே ஒதுக்கினார்கள்" என்று நிரூபிக்கச் சொல்வார்களே.

#13 வழக்காடி

அதற்குத்தான் செக் குடியரசுக்கு எதிரான டி.எச். வழக்கு. ஒஸ்த்ராவா நகரில் ரோமா என்ற சிறுபான்மை இனப் பிள்ளைகள் 18 பேரை அறிவுத்திறன் குறைந்தோருக்கான சிறப்புப் பள்ளிகளில் போட்டிருந்தார்கள். அந்நகரில் ரோமா மாணவர்களில் 50.3 விழுக்காட்டினர் சிறப்புப் பள்ளியில். ரோமா அல்லாதவரில் 1.8. அதாவது 27 மடங்குக்கும் மேல். 2006-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் ஓர் அமர்வு மீறல் இல்லை என்றது. 2007 நவம்பர் 13-இல் பேரமர்வு 13-க்கு 4 என்ற கணக்கில் அதைப் புரட்டியது. உள்நோக்கத்தை நிரூபிக்கத் தேவையில்லை, விளைவு ஒரு பிரிவினர் மேல் இந்த அளவு சாய்ந்திருந்தால் அதை நியாயப்படுத்தும் பொறுப்பு அரசுடையது. பெற்றோர் சம்மதக் கையெழுத்துப் போட்டார்களே என்ற வாதமும் எடுபடவில்லை. பாகுபாட்டுக்கு ஆளாகாமல் இருக்கும் உரிமையை அப்படிக் கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுத்துவிட முடியாது.

இளவேனில் கேட்ட "எங்கே அனுப்புவது" இதோ. மூன்று வாசல். ஒன்று, உடன்படிக்கைக் குழுவுக்கு மாற்று அறிக்கை, அதாவது அரசின் அறிக்கைக்குப் பக்கத்தில் வைக்க அமைப்புகள் அனுப்புவது. குழந்தை உரிமைக் குழுவுக்கு நாடுகள் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும். அரசுப் பிரதிநிதிகளுடனான நேர்காணலுக்கு முன்பே குழு ஒரு கேள்விப்பட்டியல் தயாரிக்கும், உங்கள் பொருள் அதற்குள் நுழைந்தால் பாதி வேலை முடிந்தது. அமர்வு தொடங்கும்போது அனுப்பினால் படிக்க நேரம் இருக்காது. இரண்டு, மனித உரிமை மன்றத்தின் உலகளாவிய காலமுறை மீளாய்வு, அதாவது ஒவ்வொரு நாட்டின் நிலையையும் மற்ற நாடுகள் பரிசீலிப்பது. தனி அமைப்பு என்றால் 2,815 சொல், கூட்டாக என்றால் 5,630. தாண்டினால் ஏற்க மாட்டார்கள், இரக்கம் பார்ப்பதில்லை. மூன்று, தனிநபர் முறையீடு. இதற்கு அந்த நாடு உரிய விருப்ப நெறிமுறையை (உடன்படிக்கையோடு சேர்ந்த, விரும்பும் நாடு மட்டும் ஏற்கும் தனி ஒப்பந்தம்) ஏற்றிருக்க வேண்டும்: பொருளாதார சமூக உரிமைகளுக்கானது 2013-இலும், குழந்தைகளுக்கானது 2014-இலும் நடைமுறைக்கு வந்தன. உள்நாட்டு வழிகள் தீர்ந்து ஓர் ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். பல முறையீடுகள் விழுவது இந்தப் படியில்தான்.

அறிக்கையில் ஒவ்வொரு புகாருக்கும் பிரிவு எண், ஓர் எண், அரசிடம் குழு கேட்க வேண்டிய ஒரு கேள்வி, ஒரு பரிந்துரை. நான்கு வரி போதும். குழந்தையின் பெயர், பள்ளி, படம் எதுவும் வேண்டாம். பல அறிக்கைகள் பொதுவில் ஏறும், பழிவாங்கல் அந்த வீட்டு வாசலுக்குத்தான் போகும்.

#14 நிதிக்குறிப்பு

முன்னேற்றத்தோடு இதற்கு என்ன தொடர்பு என்று யாரேனும் கேட்டால் ஒரே ஓர் ஆய்வைக் காட்டுங்கள். 2010-இல் லான்செட் இதழில் வந்தது. 1970-க்கும் 2009-க்கும் இடையில் ஐந்து வயதுக்குட்பட்டோர் ஆண்டு இறப்பு 82 லட்சம் குறைந்தது. அதில் 42 லட்சத்துக்குப் பெண்களின் கல்வி உயர்ந்ததுதான் காரணம் என்பது மதிப்பீடு. எதிர்த்திசையில் ஆப்கானிஸ்தான்: 2021-இலிருந்து சிறுமியருக்கு இடைநிலைக் கல்வி இல்லை, 2022 டிசம்பரில் பல்கலைக்கழகமும் அடைபட்டது, 2024 டிசம்பரில் செவிலியர், பேறுகாலப் பயிற்சியும். பெண்ணைப் பெண்தான் பார்க்க வேண்டும் என்ற கட்டுப்பாடு பரவலாக உள்ள இடத்தில், பேறுகால உதவியாளர்களின் அடுத்த தலைமுறையே உருவாகாது.

#15 இளவேனில்

வரைவுப் பத்தி: "பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகள் உடன்படிக்கை, பிரிவு 13 (கல்வி), 2(2) (பாகுபாடு காட்டாமை). 2-ஆம் பதிவில் சொன்ன 20 கட்ட அட்டவணை இணைப்பு. கேள்வி: 6 முதல் 11 வயதில் பள்ளிக்கு வெளியே இருப்போரைப் பாலினம், சொத்து அடுக்கு, செயல்திறன் சிரமம் வாரியாக, நிறையிடாத எண்ணிக்கையோடு அரசு தருமா? பரிந்துரை: சேர்க்கைக்குப் பிறப்புச் சான்றிதழைக் கட்டாயமாக்கும் விதியை நீக்குக. குறியீடு 1.00 என்பதால் கல்விச் சமத்துவம் எட்டப்பட்டதாக அரசு கூறுவது பொருந்தாது."

#16 வழக்காடி

நன்றாக இருக்கிறது. எந்த ஆண்டுத் தரவு என்று சேருங்கள், இல்லையென்றால் பழையதைக் கொடுத்துவிடுவார்கள். சான்றிதழ் விதியின் எண்ணையும் தேதியையும் போடுங்கள்.

#17 கணக்குப்பிள்ளை

இணைப்பைத் திறந்து பார்த்தேன். தலைப்பில் 'சமத்துவக் குறியீடு' என்று போட்டிருக்கிறீர்கள், 'சமநிலைக் குறியீடு' என்று மாற்றுங்கள். ஒன்பதாவது கட்டத்தில் 22 பேர்தான், அந்த எண்ணை எடுத்துவிட்டு நட்சத்திரக் குறி போடுங்கள்.